அறுவை அரங்கின் வாசலில் திருப்பி அனுப்பாதீர்கள்: தமிழ்நாட்டின் தனியார் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் நடக்கும் நம்பிக்கை மையங்களில் ஆலோசகராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். ரத்தம் எடுப்பதற்கு முன்னாலும், முடிவு வந்த பிறகும் வந்தவரோடு உட்கார்ந்து பேசுவதுதான் என் வேலை. எச்.ஐ.வி. பற்றி மடல் எழுதுகிறவர்கள் வழக்கமாக அரசுக்குத்தான் எழுதுவார்கள். நான் உங்களுக்கு எழுதுகிறேன். சிறு ஊரில் கிளினிக் வைத்திருப்பவர், நர்சிங் ஹோம் நடத்துபவர், பல் மருத்துவர், மகப்பேறு மருத்துவர், அறுவை சிகிச்சை நிபுணர் எல்லோருக்கும் சேர்த்துத்தான். இன்று இந்த விஷயத்தில் மிச்சமிருக்கும் பெரிய வேலை உங்கள் கையில்தான் இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

2025-க்குள் எட்ட வேண்டிய இலக்காக உலக நாடுகள் மூன்று எண்களை ஒப்புக்கொண்டிருந்தன. எச்.ஐ.வி. உள்ளவர்களில் 95 சதவீதம் பேருக்குத் தங்கள் நிலை தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தவர்களில் 95 சதவீதம் பேர் வைரஸைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மருந்து எடுக்க வேண்டும். மருந்து எடுப்பவர்களில் 95 சதவீதம் பேருக்கு வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸின் அளவு, அடங்கியிருக்க வேண்டும். 2024-இன் முடிவில் உலகம் நின்ற இடம் 87, 89, 94. நம் நாட்டின் 2023 கணக்கு 81, 88, 97.

அந்தக் கடைசி எண்ணைக் கொஞ்சம் பாருங்கள். மருந்து எடுத்து, வைரல் லோடு பரிசோதனையும் செய்துகொண்ட இந்தியர்களில் 97 சதவீதம் பேருக்கு வைரஸ் அடங்கியிருக்கிறது. உலகச் சராசரியைத் தாண்டியிருக்கிறோம். 2004 ஏப்ரல் 1 அன்று எட்டு அரசு மருத்துவமனைகளில் இலவச ஏ.ஆர்.டி. தொடங்கியபோது இதை யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். அந்த எட்டில் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. அன்றைக்கு ஒரு நாளைக்கு இரண்டு வேளை மருந்து, ரத்தசோகை, கை கால் எரிச்சல், முகத்தில் சதை ஒட்டிப்போவது எல்லாம் உண்டு. இன்று டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, ஒரு நாளைக்கு ஒரு முறை. 2001 வாக்கில் பணக்கார நாடுகளில் ஒருவரின் ஓராண்டு சிகிச்சைக்குப் பத்தாயிரம் டாலருக்கும் மேல் ஆனது. அதே காரியத்தைச் செய்யும் இந்த மாத்திரையை 2023 முதல் ஆண்டுக்கு 45 டாலருக்கும் குறைவான விலையில் ஏழை நாடுகளுக்கு வாங்க முடிகிறது. அதைச் சாத்தியமாக்கியதில் இந்திய மருந்து நிறுவனங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

இப்போது முதல் எண்ணைப் பாருங்கள். 81. நாட்டில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் சுமார் 25.44 லட்சம் பேர் என்பது அதே 2023 மதிப்பீடு. அதில் ஐந்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவானவர்களுக்குத் தங்களுக்குத் தொற்று இருப்பதே தெரியாது. மாத்திரை இருக்கிறது, இலவசமாகக் கிடைக்கிறது, நன்றாக வேலை செய்கிறது. அதை வாங்கிக்கொள்ள வேண்டியவருக்குத்தான் அது தனக்கு வேண்டும் என்று தெரியவில்லை.

அவர்கள் எங்கே இருக்கிறார்கள்? நம்பிக்கை மையத்தில் இல்லை. வந்திருந்தால் தெரிந்திருக்கும். அவர்களில் பலர் உங்கள் கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தோல் அரிப்பு என்று வந்தால் நம் ஊர்க்காரர்கள் முதலில் தேடுவது பக்கத்துத் தெரு டாக்டரைத்தான்.

என்னிடம் தாமதமாக வந்து சேர்ந்தவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே மாதிரிக் கதையைத்தான் சொல்வார்கள். மேற்கு மாவட்ட மில் ஒன்றில் வேலை பார்த்த ஒருவரை நினைத்துக்கொள்கிறேன். முதலில் உடம்பில் ஒரு பக்கமாக அக்கி வந்திருக்கிறது. வீட்டில் காவிக்கல் குழைத்து அக்கி எழுதிவிட்டு வந்தார்கள். பிறகு டாக்டரும் மருந்து கொடுத்தார், ஆறிவிட்டது. நாற்பது வயதுகூட ஆகாதவருக்கு ஏன் அக்கி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அடுத்து வாய்க்குள் வெள்ளை படிந்தது. வயிற்றுப் புண் என்று மாத்திரை கொடுத்தார்கள். எடை குறைந்தது. சர்க்கரை பார்த்தார்கள், தைராய்டு பார்த்தார்கள், எண்டோஸ்கோப்பி எடுத்தார்கள். எத்தனை செலவு! கடைசியில் காசநோய் என்று அரசு மருத்துவமனைக்கு வந்தபோதுதான், காசநோயாளி எல்லோருக்கும் எடுக்கும் வழக்கப்படி, எச்.ஐ.வி. பரிசோதனை நடந்தது. நோய் எதிர்ப்புச் செல்களின் கணக்கான சி.டி.4 நூறுக்கும் கீழே இறங்கியிருந்தது. அவர் பார்த்த மருத்துவர்கள் யாரும் கெட்டவர்களோ கவனக்குறைவானவர்களோ இல்லை. ஒரு குடும்பஸ்தரிடம், கோயில் கமிட்டியில் இருக்கும் ஒருவரிடம், இதை எப்படிக் கேட்பது என்ற தயக்கம் அவர்களைத் தடுத்திருக்கும்.

அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. அதே கேள்வியைக் கேட்டுத்தான் நானும் பிழைத்தேன். அனுபவத்தில் சொல்கிறேன், நடத்தையைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கத் தேவையில்லை. "இந்த மாதிரி அறிகுறி வந்தா சுகர், காசநோய், எச்.ஐ.வி. மூணையும் பார்த்துடுவோம், எல்லோருக்கும் பார்க்கிறதுதான், உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டால் போதும், பெரும்பாலானவர்கள் சரி என்பார்கள். இளவயதில் அக்கி, வாயில் வெண்படலம், காரணம் தெரியாத எடை இழப்பு, ஒரு மாதம் தாண்டிய வயிற்றுப்போக்கு, பால்வினை நோய், காசநோய் என்று வருகிற யாரிடமும் இதைக் கேட்டுவிடுங்கள். அறுபது வயதுக்காரராக இருந்தாலும் கேளுங்கள். வயதானவர்களைப் பார்க்கும்போது இந்த நினைப்பே யாருக்கும் வருவதில்லை. அதனாலேயே அவர்களுக்குக் கண்டுபிடிப்பது இன்னும் தாமதமாகிறது.

இதைப் படிக்கும் சிலர் "நாங்கள்தான் ஏற்கெனவே பரிசோதிக்கிறோமே" என்பீர்கள். உண்மைதான். அறுவை சிகிச்சைக்கு முன் எடுக்கும் ரத்தப் பரிசோதனைகளோடு எச்.ஐ.வி.யும் சேர்ந்தே போகிறது. பல இடங்களில் நோயாளியிடம் ஒரு வார்த்தை சொல்வதில்லை. முடிவு பாசிட்டிவ் என்று வந்தால், "இங்க வசதி இல்ல, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க" என்ற பதிலோடு அந்த ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட ஒரு பெண்ணுக்கு நான் ஆலோசனை சொல்லியிருக்கிறேன். இந்த மடலில் எனக்கு மிகவும் வலிக்கிற இடம் இதுதான். பரிசோதனை நடந்துவிட்டது, தொற்று கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. அத்தனைக்குப் பிறகும் அந்த மனிதரை சிகிச்சைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய கை அவரை வெளியே தள்ளிவிடுகிறது. அப்படிப் போனவர்களில் சிலர் மாதக்கணக்கில் எங்கேயும் போவதில்லை. சிலர் ஊரையே விட்டுப் போய்விடுகிறார்கள்.

இப்படித் திருப்பி அனுப்புவதற்குச் சொல்லப்படும் காரணம் பாதுகாப்பு. ஊழியர்களின் பாதுகாப்பு பெரிய விஷயம், அதை லேசாக எடுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். உங்களுக்குத் தெரிந்த கணக்கையே நினைவுபடுத்துகிறேன். சிகிச்சை எடுக்காத எச்.ஐ.வி. நோயாளியின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றுவதற்கான வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்பு நூறில் ஆறு முதல் முப்பது வரை. எச்.ஐ.வி.க்கு 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிடும் தடுப்பு மருந்து இருக்கிறது. தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களில் ஒருவருக்கு ஆன்டிபாடி பரிசோதனை நெகட்டிவ் என்றே வரலாம். அந்த வாரங்களில்தான் அவர் ரத்தத்தில் வைரஸ் மிக அதிகமாக இருக்கும். ஆக, நீங்கள் நிம்மதியாகக் கத்தியை எடுத்த நெகட்டிவ் நோயாளியிடம் ஆபத்து இருந்திருக்கலாம். ஐந்து வருடமாக மாத்திரை சாப்பிட்டு, வைரல் லோடு கண்டறிய முடியாத நிலையில் இருக்கிறேன் என்று நேர்மையாகச் சொன்ன நோயாளியால் வரக்கூடிய ஆபத்து அதைவிடப் பல மடங்கு குறைவு. வெளியே அனுப்பியது யாரை என்று யோசித்துப் பாருங்கள். கையுறை, கண்ணாடி, கூர்மையான கருவிகளைக் கையாளும் முறை இவற்றை எல்லா நோயாளிக்கும் ஒரே மாதிரி கடைப்பிடிப்பதுதான் உங்கள் செவிலியரைக் காப்பாற்றும்.

கர்ப்பப்பையில் கட்டி என்று வந்த ஒரு அம்மா இருந்தார். பத்து வருடங்களுக்கும் மேலாக ஒரு மாத்திரை தவறவிடாதவர். கணவர் நெகட்டிவ், பிள்ளைகள் நெகட்டிவ். மாதக்கணக்கில் உதிரப்போக்கு. ஒரு தனியார் மருத்துவமனையில் தேதி கொடுத்து, முந்தின நாள் இரவு அட்மிஷன் போட்டு, காலையில் ரத்து செய்தார்கள். அடுத்த இடத்தில் தன் நிலையை அவர் சொல்லவே இல்லை. "சொன்னா செய்ய மாட்டாங்கக்கா" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்படி மறைப்பதில் மருத்துவ ரீதியான கெடுதியும் இருக்கிறது. உங்களுக்கு அது என்னைவிட நன்றாகப் புரியும். டோலுடெக்ராவிர் எடுப்பவருக்கு நீங்கள் இரும்புச் சத்து, கால்சியம், வயிற்றெரிச்சலுக்கான ஆன்டாசிட் எழுதிக்கொடுத்தால், நேரம் பிரித்துச் சாப்பிடாதபோது ஏ.ஆர்.டி. மருந்து உடம்பில் சரியாகச் சேராது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் கொடுத்தால் அதன் அளவு ரத்தத்தில் கூடும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கினால் டோலுடெக்ராவிரை இரண்டு வேளையாக்க வேண்டும். நோயாளி உண்மையைச் சொல்லப் பயந்தால் இதில் எதையும் உங்களால் கவனிக்க முடியாது. 97-ஐ நாம் இழக்கப்போவது இப்படிச் சின்னச் சின்ன இடங்களில்தான்.

இனி, நான் இந்த மடலை எழுத உட்கார்ந்ததற்கான காரணத்துக்கு வருகிறேன். வைரல் லோடு கண்டறிய முடியாத அளவுக்கு அடங்கியவரிடமிருந்து உடலுறவு வழியாக எச்.ஐ.வி. பரவாது. இது ஆறுதலுக்காகச் சொல்கிற வார்த்தை இல்லை. ஒன்பது நாடுகளில், ஒருவர் பாசிட்டிவாகவும் துணை நெகட்டிவாகவும் இருந்த 1,763 தம்பதிகளிடம் நடந்த எச்.பி.டி.என். 052 ஆய்வு, சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்கினால் துணைக்குப் பரவுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011-இல் காட்டியது. அந்த ஆய்வு நடந்த ஊர்களில் நம் சென்னையும் ஒன்று. நம் ஊர்த் தம்பதிகள் தங்கள் ரத்தத்தையும் அந்தரங்கத்தையும் கொடுத்து உலகத்துக்குக் கிடைத்த உண்மை இது. அதன் பிறகு ஐரோப்பாவில் நடந்த பார்ட்னர் ஆய்வுகள் இரண்டிலும், ஆணுறை இல்லாமல் பல்லாயிரம் முறை நடந்த உறவுகளில், வைரஸ் அடங்கிய துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. உலக சுகாதார நிறுவனமும் இதை ஏற்றுக்கொண்டிருக்கிறது.

நாங்கள் ஆலோசகர்கள் இதைச் சொல்லும்போது நோயாளிகள் தலையாட்டுவார்கள். கிளம்பும்போது, "டாக்டர் ஒண்ணும் சொல்லலியேக்கா" என்பார்கள். நம் ஊரில் டாக்டர் சொன்னால்தான் அது உண்மை. இந்த ஒரு வாக்கியம் உங்கள் வாயிலிருந்து வந்தால் ஒரு மனைவி கணவனோடு வாழ்வாள். கல்யாணப் பேச்சை நிறுத்தி வைத்திருக்கும் பையன் துணிந்து தன் நிலையைச் சொல்வான். பரிசோதனைக்குப் பயந்து ஒதுங்கி நிற்பவர், முடிவு பாசிட்டிவ் என்றாலும் வாழ்க்கை இருக்கிறது என்று ஒரு அடி முன்னால் வைப்பார். மக்கள் பரிசோதனைக்கு வராததற்கு ஊசிப் பயம் காரணமில்லை. பாசிட்டிவ் என்று தெரிந்த பிறகு தன்னை எப்படி நடத்துவார்கள் என்ற பயம்தான். அந்த நடத்தை முதலில் தெரியவருவது மருத்துவமனையில். அந்த 81 அங்கேயே நின்றுகொண்டிருப்பதற்குக் காரணம் இதில் இருக்கிறது.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் 2017-இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. தகவல் சொல்லிச் சம்மதம் வாங்காமல் பரிசோதிக்கக் கூடாது, சிகிச்சை பெறுவதற்கு எச்.ஐ.வி. பரிசோதனையை நிபந்தனையாக வைக்கக் கூடாது, எச்.ஐ.வி. இருப்பதால் சிகிச்சையை மறுக்கக் கூடாது, ஒருவரின் நிலையை வெளியே சொல்லக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். தனியார் மருத்துவமனைக்கும் இது பொருந்தும். ஊழியர்களுக்குப் பாதுகாப்புக் கருவிகளும் தடுப்பு மருந்தும் தர வேண்டியது நிர்வாகத்தின் கடமை என்றும் அதே சட்டம் சொல்கிறது. உங்கள் நிர்வாகம் அதைச் செய்யவில்லை என்றால், கேட்டு வாங்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கட்டிலில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதும், கேஸ் ஷீட்டின் மேலே பெரிய எழுத்தில் எழுதிவைப்பதும் இந்தச் சட்டத்துக்கு எதிரானவை. வழக்குப் போடுவேன் என்று மிரட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. பல மருத்துவர்களுக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியவில்லை என்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஆப்பிரிக்காவில் உள்ள போட்ஸ்வானா என்ற நாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வயதுவந்தவர்களில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருக்கும் நாடு அது. அங்கே 2002-இல் அரசு இலவச சிகிச்சையைத் தொடங்கியது. மருந்து இருந்தும் ஆட்கள் வரவில்லை. பரிசோதனைக்கென்று தனியாக ஒரு மையம் வைத்து அங்கே வரச் சொன்னதுதான் தடையாக இருந்தது என்று புரிந்துகொண்டு, 2004 முதல் எந்த மருத்துவமனைக்கு எதற்காக வந்தாலும் வழக்கமான பரிசோதனைகளோடு எச்.ஐ.வி.யையும் செய்ய முன்வந்தார்கள். வேண்டாம் என்று மறுக்கும் உரிமை நோயாளிக்கு இருந்தது. 2021-இல் எடுத்த தேசிய ஆய்வில் மூன்று எண்களும் 95-ஐத் தாண்டியிருந்தன. எஸ்வாட்டினி, லெசோத்தோ, நமீபியா, ருவாண்டா, ஜாம்பியா, ஜிம்பாப்வே ஆகிய நாடுகளும் 2024-க்குள் அந்த இலக்கை எட்டிவிட்டன. நம்மைவிட மருத்துவர்கள் குறைந்த நாடுகள் இவை. பரிசோதனையை ஒரு சாதாரண காரியமாக்கினார்கள், பாசிட்டிவ் என்று தெரிந்தவரை அன்றைக்கே மருந்தோடு சேர்த்தார்கள். நம் ஊர்ப் பக்கத்திலேயே சொல்வதென்றால், தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவதை ஒழித்துவிட்டதாக இலங்கை 2019-இல் உலக சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்றது.

அந்த ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் இப்போது நிலைமை கவலையாக இருக்கிறது. 2003 முதல் அமெரிக்கா கொடுத்துவந்த உதவி 2025 ஜனவரியில் திடீரென நிறுத்தப்பட்டதும், களப்பணியாளர்கள் வேலை இழந்தார்கள், பரிசோதனைகள் குறைந்தன, சில கிளினிக்குகள் மூடப்பட்டன. சிகிச்சை கிடைக்காமல் உலகில் 92 லட்சம் பேர் இருந்த நேரத்தில் இது நடந்தது. நமக்கு அந்த ஆபத்து இல்லை. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் ஐந்தாம் கட்டத்துக்கு, 2021 முதல் 2026 வரைக்கு, மத்திய அரசு ஒதுக்கியது ரூ. 15,471.94 கோடி. நம் மாத்திரை நம் பணத்தில் வருகிறது. இந்த நல்ல நிலையில் இருந்துகொண்டு முதல் எண்ணில் பின்தங்கி நிற்பதை நம்மால் எப்படி ஏற்றுக்கொள்ள முடியும்?

உங்களிடம் நம்பிக்கையோடு கேட்க எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி.யைக் கண்டுபிடித்தது 1986-இல், சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலாவும். "நம் நாட்டுக்கு அந்த நோய் வராது" என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், ரத்த மாதிரிகளைச் சேகரித்து வேலூருக்குக் கொண்டுபோய்ப் பரிசோதித்தார்கள். சுனிதி சாலமன் அதோடு நிற்கவில்லை. மற்றவர்கள் தொடத் தயங்கிய நோயாளிகளைத் தொட்டுப் பார்த்து மருத்துவம் செய்தார். நீங்கள் அவர்கள் வழியில் வந்தவர்கள்.

ஆகவே, கேட்கிறேன். அடுத்த முறை உங்கள் மேசைக்குப் பாசிட்டிவ் ரிப்போர்ட் ஒன்று வரும்போது, கதவைச் சாத்திவிட்டு, உறவினர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, நோயாளியிடம் நீங்களே சொல்லுங்கள். இதற்கு மருந்து உண்டு, இலவசம், தினமும் ஒன்று, வைரஸ் அடங்கிவிட்டால் துணைக்குப் பரவாது என்று சொல்லுங்கள். உறுதிப்படுத்தும் பரிசோதனைக்கு அருகிலுள்ள நம்பிக்கை மையத்துக்கு ஒரு போன் போட்டு, ஆலோசகரிடம் பேசிவிட்டு அனுப்புங்கள். எந்த மையம் பக்கம் என்று தெரியாவிட்டால் 1097-ஐக் கூப்பிடுங்கள், கட்டணம் கிடையாது. அவருக்கு வைத்த அறுவை சிகிச்சைத் தேதியை ரத்து செய்யாதீர்கள். மருத்துவக் காரணத்துக்காகத் தள்ளிவைக்க வேண்டியிருந்தால், அந்தக் காரணத்தையும் அடுத்த தேதியையும் அவரிடம் சொல்லுங்கள்.

உங்கள் செவிலியர்கள், லேப் பணியாளர்கள், வார்டு உதவியாளர்கள் மனதில் பயம் இருந்தால் அது இயல்புதான். ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். உங்கள் மாவட்டத்தின் எச்.ஐ.வி. ஆலோசகர்களையும் ஏ.ஆர்.டி. மைய மருத்துவரையும் அழையுங்கள். ஊசி குத்தினால் என்ன செய்வது, எங்கே தடுப்பு மருந்து கிடைக்கும், யாரிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று எல்லாவற்றையும் உட்கார்ந்து பேசுவோம். கேட்கக் கூச்சப்படும் கேள்விகளையும் கேட்கட்டும். நான் வரத் தயாராக இருக்கிறேன், என்னோடு வேலை செய்தவர்களும் வருவார்கள்.

அன்புடன்,
நம்பிக்கை மைய ஆலோசகர் ஒருவர்